யன்னலும் எழினியும்

காற்று வரும் வழியைக் ‘காலதர்’ என்றனர் நம் முன்னோர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. இன்று நாம் வழங்கும் ‘யன்னல்’ என்னுஞ் சொல்லோ போர்த்துக்கேயர் மொழியினின்றும் வந்தது. திரைச்சீலைக்கு ‘எழினி’ என்பது பழம்பெயர். சிலப்பதிகார அரங்கேற்று காதை அரங்கிற்குரிய எழினி மூன்று எனக் கூறும். ஒருபுறமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து நடுவே பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்று கடைகளில் விற்கப்படுந் திரைகளும் பெரும்பாலும் இம்மூன்றனுள் அடங்குதல் வியப்பன்றோ!

சீலை வாங்குமுன் அளவறிதல் வேண்டும். யான் ஒருகால் ஒரு யன்னலை மட்டும் அளந்து, மூன்றற்கும் துணி வெட்டுவித்தேன். பழைய வீட்டு யன்னல்கள் பார்வைக்கு ஒத்திருப்பினும் அளவில் ஒவ்வா என்பதைப் பின்னரே உணர்ந்தேன். ஒரு திரை இரண்டங்குலங் குறைந்தது. அவ்விடுக்கினூடே மாலை வெயில் மேசைமேல் விழ, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை நாற்காலியை நகர்த்தியவண்ணமே இருந்தான். பணமும் போயிற்று, பிள்ளையின் கருத்தும் சிதறிற்று.

ஆதலின் ஒவ்வொரு யன்னலையும் தனித்தனியே அளக்க. துணி நாடா நாளடைவில் நீளும். உருக்கு நாடாவே நன்று. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடத்தும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்றிடத்தும் அளத்தல் முறை. சட்டத்தின் உள்ளே பொருத்தும் கரந்துவரல் திரைக்கு மிகக் குறைந்த அகலத்தைக் கொள்க. வெளியே தொங்குவதற்கு மிகுந்த அளவைக் கொள்க. கதவு உட்புறம் திறப்பதாயின், அதனைத் திறந்து வைத்தே கோலின் இடத்தைக் குறிக்க.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். யன்னல் 48 அங்குல அகலமும் 54 அங்குல உயரமும் உடையது என்க. கோல் இருபுறமும் 6 அங்குலம் மிஞ்சி நிற்பின் அதன் நீளம் 60 அங்குலம். மடிப்பு அழகுற விழுதற்குத் துணியின் அகலம் கோலின் நீளத்தைப்போல் இருமடங்கு வேண்டும். அஃதாவது 120 அங்குலம். 45 அங்குல அகலத் துணியாயின் மூன்று துண்டுகள் போதும். பக்க மடிப்புக்கும் இடமுண்டு. பொருமுக எழினியாயின் பக்கத்துக்கு ஒன்றரைத் துண்டு.

இனி நீளம்: சட்டத்தின்மேல் 4, யன்னல் 54, கீழே 6, ஆக 64 அங்குலம். மேல் கீழ் மடிப்புக்கு 10, பருத்தி சுருங்குதற்கு 4 கூட்ட, துண்டொன்று 78 அங்குலம். மூன்று துண்டுக்கு 234 அங்குலம். அஃது ஆறரை யார். நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுக.

இடமும் நோக்கல் வேண்டும். வெள்ளவத்தையிற் கடற்கரைப் பக்கத்து அறைகளுக்குப் பிற்பகல் வெயில் நேரே வரும். அங்குக் கனத்த துணி தகும். உப்புக்காற்றில் இரும்பு வளையம் துருவேறித் துணியிற் கறை படுத்தும். பித்தளையோ மரமோ கொள்க. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை உள்ளே வீசுமாதலின், நிலத்தைத் தொடுந் திரை நனைந்து பாழாகும். கொட்டாஞ்சேனையில் வீடுகள் நெருங்கி நிற்குந் தெருக்களில் வெயிலினும் அயலார் பார்வையும் புழுதியுமே மிகுதி. அங்கு ஒளியை விடும் மெல்லிய துணி, அடிக்கடி துவைக்கத்தக்கதாய் இருத்தல் நலம்.

இறுதியாக ஒன்று. 1983க்குப் பின் இந்நகரில் வாடகை வீடு மாறி மாறி வாழ்ந்த குடும்பங்கள் நம்மவருட் பல. அவரோடு சென்ற பொருள்களுள் திரைச்சீலையும் ஒன்று. ஆதலின் கீழ்மடிப்பை வெட்டிக் குறையாது, 6 அங்குலமேனும் உள்ளே மடித்துத் தைப்பியுங்கள். அடுத்த வீட்டு யன்னல் உயர்ந்ததாயின், தையலைப் பிரித்து இறக்கிக் கொள்ளலாம். வீடு மாறினும் பிள்ளைகள் படிக்கும் மேசைமேல் பழகிய நிழலே விழும்.