1ஏ வாங்கினேன், நாவலைப் படிக்கவில்லை!

காலை நிகழ்ச்சியில் அன்று நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: “பள்ளியில் படித்ததில் மறக்க முடியாத நூல் எது?” அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. நானும் சும்மா இருக்கவில்லை. “எஸ்.பி.எம். தமிழிலக்கியத்தில் எனக்கு 1ஏ. அந்த நாவலை மறக்கவே முடியாது” என்று பெருமையடித்துக்கொண்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து ஓர் அழைப்பு. என் பழைய இலக்கிய ஆசிரியை!

“ஏம்மா, அந்த நாவல் கடைசியில எப்படி முடியுது? சொல்லு பார்ப்போம்.”

எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நாவலை நான் படித்ததே இல்லை. படித்ததெல்லாம் கையேடுதான். கருப்பொருள், பாத்திரப்படைப்பு, படிப்பினை என்று பத்தி பத்தியாக மனனம் செய்து, தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வந்தவள் நான்.

டீச்சர் சிரித்தார். “உன்மேல தப்பு இல்லம்மா. நான்தானே அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். சனிக்கிழமை வகுப்புக்கு வா. இப்ப எப்படி நடத்துறேன்னு பாரு.”

சனிக்கிழமை வகுப்பு

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழுக்கு இடம் பிடிப்பதே பெரும்பாடு. இலக்கியம் பல பள்ளிகளின் நேர அட்டவணையிலேயே இல்லை. பள்ளி முடிந்த பிறகோ, வார இறுதியிலோதான் வகுப்பு. எஸ்.பி.எம்.மில் 10 பாடங்கள் மட்டுமே என்று 2009இல் அறிவிப்பு வந்தபோது சமுதாயம் குரல் எழுப்பியது நினைவிருக்கும். அதன் பிறகுதான் 12 பாடங்கள் வரை எழுத வழி பிறந்தது.

அப்படிக் காப்பாற்றிய பாடத்துக்கு அன்று வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். மேசையில் நாசி லெமாக் பொட்டலங்கள். கையில் நாவல். கையேடு மட்டும் எங்கும் இல்லை.

“முதல் மூணு மாசம் கையேட்டைத் தொடக்கூடாது. அதுதான் என் சட்டம்” என்றார் டீச்சர்.

மாணவர்கள் முறைவைத்து உரக்கப் படிக்கிறார்கள். புரியாத இடத்திலும் கோபம் வருகிற இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு. வகுப்பு முடிவதற்குள் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை.

டீச்சர் மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. மு.வ.வின் ‘வாடா மலர்’ பாடநூலாக இருந்த ஆண்டு அது. நல்ல தேர்ச்சி பெற்ற மாணவன் ஒருவனைச் சில மாதங்கள் கழித்துக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறார். தானப்பனைப் பற்றிப் பேச்சை எடுத்தால், “யாரு டீச்சர் அது?” என்றானாம்.

“அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலம்மா. தானப்பனோட குணநலன் ஐந்துன்னு அவன் எழுதினது எல்லாம் என் வாக்கியம். ரெண்டு வருஷமா என்னையே நான் திருத்தி, எனக்கே நான் மார்க் போட்டிருக்கேன்!”

எளிதாக இல்லை

புதிய முறை உடனே பலன் தரவில்லை. முதல் ஆண்டில் இரண்டு மாணவர்களின் தேர்ச்சி குறைந்தது. “கதை படிக்கவா பிள்ளையை அனுப்புறோம்?” என்று ஒரு தாயார் நேரிலேயே கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்ததை டீச்சர் மறுக்கவில்லை. கதை தெரிந்தால் மட்டும் போதாது. கேள்விக்கேற்பக் கட்டுரை எழுதவும் வர வேண்டும். இப்போது கடைசி மாதங்களைத் தேர்வுப் பயிற்சிக்கு ஒதுக்குகிறார். கையேடு வெளியே வருவதும் அப்போதுதான்.

“கையேடு கெட்டது இல்ல. தமிழ்ப்பள்ளிக்குப் போகாம வந்த பிள்ளைக்கு அது கைத்தடி மாதிரி. ஆனா நடக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கும் கைத்தடியே கொடுத்தா எப்படி?”

ஒரு பக்கம் என்னைப் படிக்கச் சொன்னார். நிகழ்ச்சியில் பேசும் குரலிலேயே ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். பின்வரிசையில் இருந்த படிவம் 4 மாணவன் கை தூக்கினான்.

“அக்கா, ரேடியோ மாதிரி ஓடுறீங்க. கொஞ்சம் நிறுத்துங்க. அந்த அம்மா ஏன் பதிலே சொல்லல?”

நான் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஆமாம், மகன் கேட்கிறான். அம்மா பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கிறாள். அடுத்த இருபது நிமிடம் ஒன்பது பேரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தப் பேச்சு எந்தக் கையேட்டிலும் இருக்காது.

டீச்சர் விரைவில் பணி ஓய்வு பெறுகிறார். இந்த வகுப்பை யார் எடுப்பார் என்று இன்னும் முடிவாகவில்லை. “ஆள் வருவாங்க. பிள்ளைங்க இருக்கணும், அதுதான் முக்கியம்” என்றார்.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து ஒரு பழைய நூலை எடுத்துக் கொடுத்தார். நான் படிக்காமலே 1ஏ வாங்கிய அதே நாவல்! இப்போது 72ஆம் பக்கத்தில் இருக்கிறேன். பென்சில் கோடுகள் பதினொன்று.

உங்கள் வீட்டில் இலக்கியம் எடுக்கும் பிள்ளை இருந்தால், இன்றிரவு மார்க்கை விட்டுவிட்டு, கதையில் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தை நீங்கள் படியுங்கள்.