மெமென்டோ மோரி: இரண்டுபட்ட வாசகர்கள்

மியூரியல் ஸ்பார்க் எழுதிய ‘மெமென்டோ மோரி’ நாவல் 1959-இல் வெளிவந்தது. மரணத்தை மறவாதே என்று பொருள்படும் லத்தீன் தொடர்தான் அதன் தலைப்பு. கதைமாந்தர் ஏறக்குறைய எல்லோருமே எழுபதைத் தாண்டியவர்கள். எழுதியவருக்கோ அப்போது 41 வயதுதான். எடின்பரோவில் பிறந்து வளர்ந்த ஸ்பார்க், நோயுற்றுத் தங்கள் வீட்டோடு வந்துவிட்ட பாட்டியைச் சிறுவயதில் கூடவே இருந்து பார்த்தவர்.

லண்டனில் வாழும் டேம் லெட்டி கோல்ஸ்டன் என்ற 79 வயது அம்மையாருக்கு அடிக்கடி தொலைபேசி அழைப்பு வருகிறது. நீங்கள் ஒருநாள் இறந்துபோவீர்கள் என்று நினைவூட்டிவிட்டு அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. பிறகு அவருடைய அண்ணன் காட்ஃப்ரே, அண்ணி சார்மியன், நண்பர்கள் என்று ஒவ்வொருவருக்கும் அதே அழைப்பு. ஒருவர் காதில் அது இளைஞனின் குரல். இன்னொருவர் காதில் வயதானவரின் குரல். லெட்டி சுற்றியிருப்பவர்களை எல்லாம் சந்தேகிக்கிறார். ஒரு காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியையாக இருந்த சார்மியனுக்கு 85 வயது, ஞாபகம் தடுமாறுகிறது. ஆனால் இந்த விஷயத்தைத் தாம் நெடுங்காலமாகவே அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதுண்டு என்று அவர் அமைதியாகப் பதில் சொல்கிறார். நாவல் முழுவதும் இந்த இரு பெண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் நடக்கிறது.

அழைத்தது யார் என்பதை ஸ்பார்க் கடைசிவரை சொல்வதில்லை. ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஹென்றி மார்ட்டிமர், அழைப்பது மரணமே என்ற முடிவுக்கு வருகிறார். லெட்டியோ திருடர்களால் படுக்கையிலேயே அடித்துக் கொல்லப்படுகிறார். அந்தக் கொலை சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

வாசகர்கள் இரண்டுபடுவது இங்கேதான். துப்பறியும் கதை என்று நம்பிப் படித்தவர்களுக்கு விடை கிடைக்காத முடிவு ஏமாற்றம் தருகிறது. பாத்திரங்கள் அதிகம், பெயர்கள் குழம்புகின்றன என்பது இன்னொரு குறை. அதைவிடக் கனமான குற்றச்சாட்டு, ஆசிரியர் ஈரமில்லாதவர் என்பது. உயில் மாற்றி எழுதுவேன் என்று உறவினரை ஆட்டிவைக்கும் கிழவி, எண்பதைத் தாண்டியும் பழைய சபலங்களை விடாத காட்ஃப்ரே, அவருடைய இரகசியங்களைக் கொண்டு அவரை மிரட்டும் பணிப்பெண் மேபல் பெட்டிக்ரூ என்று, மனம் ஒட்டுவதற்கு யாருமே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு.

ஸ்பார்க்கை விரும்புகிறவர்கள் இதே குணங்களைத்தான் சிறப்பாகச் சொல்கிறார்கள். எழுத்தாளர்கள் ஈவ்லின் வா, கிரஹாம் கிரீன் இருவரும் நாவலைப் பாராட்டினார்கள். இருவருமே கத்தோலிக்கர்கள். ஸ்பார்க்கும் 1954-இல் கத்தோலிக்கத்தில் சேர்ந்தவர். மரணத்தை எண்ணியிருப்பது வாழ்வைச் செம்மையாக்கும் என்ற நம்பிக்கை கதைக்குள் ஓடுவதை அவ்வழியில் படிப்பவர்கள் எளிதில் கண்டுகொள்கிறார்கள். மதப்பற்று இல்லாத வாசகருக்கும் நாவல் பிடிப்பதற்கு வேறு காரணம் உண்டு. ஸ்பார்க் முதியவர்களைப் புனிதர்களாக்கவில்லை, பரிதாபத்துக்கும் உள்ளாக்கவில்லை. பொறாமை, ஆசை, பிடிவாதம் எதுவும் குறையாத முழு மனிதர்களாக நடமாடவிடுகிறார். ஈரமின்மை என்று சிலர் சொல்வது உண்மையில் மரியாதை.

அதற்குச் சான்று மாட் லாங் வார்டு. ஒரு பொது மருத்துவமனையில் பன்னிரண்டு மூதாட்டிகள் வரிசையாகப் படுத்திருக்கும் கூடம் அது. அங்கே எல்லோருக்கும் ஒரே பெயர், பாட்டி. முன்பு சார்மியனுக்குத் துணையாளாக இருந்த ஜீன் டெய்லர், மூட்டுவலியோடு அங்கே கிடக்கிறார். பெயர் பறிபோனதில் வலியும் அவமானமும் அடைந்தவர், அதைப் பொறுத்துக்கொள்ளவும் தெளிவாகச் சிந்திக்கவும் பழகுகிறார். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 1948-இல்தான் தொடங்கியது. இலவச மருத்துவம் வந்த புதிதில், அந்தக் கட்டில்களில் முதுமை எப்படி இருந்தது என்பதை இந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. வாசகர் சிரிப்பதும் இங்கேதான், சிரிப்பு தொண்டையில் சிக்குவதும் இங்கேதான்.

முதியவர்களை ஆராயும் அலெக் வார்னர் என்ற பாத்திரமும் நினைவில் நிற்பது. நண்பர்களின் நாடித்துடிப்பைக்கூடக் குறித்து அட்டை அட்டையாகச் சேர்த்துவைத்த அவருடைய குறிப்புகள் ஒரு தீ விபத்தில் எரிந்துபோகின்றன. மனிதரைக் குறிப்பெடுப்பதும் அறிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதை ஸ்பார்க் விளக்கவுரை இல்லாமலே உணர்த்திவிடுகிறார்.

1992-இல் ஜாக் கிளேட்டன் இதை பிபிசிக்காகத் தொலைக்காட்சிப் படமாக்கினார். பெட்டிக்ரூவாக நடித்தவர் மேகி ஸ்மித். படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருபவர்களுக்குப் பெயர்க் குழப்பம் குறையும். மற்றவர்கள் முதல் சில அத்தியாயங்கள்வரை ஒரு தாளில் பெயரையும் வயதையும் குறித்துக்கொண்டே படிக்கலாம். ஜீன் டெய்லரின் கட்டிலருகே சில பக்கங்களாவது இருந்துவிட்டு, அதன்பின் நாவலைப் பற்றி முடிவு சொல்லுங்கள்.