நாள் தள்ளிப்போவதற்கு முன்பே

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் நெல்லுச்சோறு ஒரு காலத்தில் பண்டிகைச் சாப்பாடு. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிக் கரிசலில் அன்றாடம் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான். இன்று நிலைமை தலைகீழ். 2011 முதல் ரேஷன் அரிசிக்கு விலையில்லை. அது பட்டினியை விரட்டியது. ஆனால் மூன்று வேளையும் தட்டில் தீட்டிய அரிசிச் சோறு, அதன்மேல் புளிக்குழம்பு, சாப்பிட்ட கையோடு சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. 100 கிராம் கம்பில் இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. அந்தக் கொஞ்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கிறது.

இதன் பலன் சாப்பிடுகிறவரோடு முடிவதில்லை. அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது: பாவு நூல் மாறாது, ஜக்கார்டு அட்டையை மாற்றினால் சேலையில் விழும் புட்டா மாறிவிடும். மரபணு பாவு, அதில் எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லும் ரசாயனக் குறிகள் அட்டை. அந்தக் குறிகள் பெருமளவு பதிவது கருவின் தொடக்க நாட்களில். உணவுக்கு அதில் பங்குண்டு.

1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தை முடக்க, மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அப்போது கருவானவர்களை அறுபது ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். வளர்ச்சிக்கான ஐ.ஜி.எஃப்.2 மரபணுவின் மீதிருந்த குறிகள், அவர்களுடன் பிறந்தவர்களைவிடக் குறைந்திருந்தன. நம்மைப்போல் மழையை நம்பி விதைக்கும் காம்பியாவில், கருத்தரித்தது மழைக்காலமா கோடையா என்பதைப் பொறுத்தே குழந்தைகளின் குறிகள் வேறுபட்டதை 2014-இல் கண்டார்கள்.

புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழு 1993-இல் தொடங்கிய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே கிராமத்துக் குழந்தைகளின் பிறப்பு எடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. எடையில் இளைத்த அந்தக் குழந்தைகளிடம் தசை குறைவு, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாய்மார்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி தெரிந்தது.

பற்றாக்குறையில் உருவான உடம்பு, வளர்ந்தபின் மாவுச்சத்திலேயே வாழ்ந்தால் சர்க்கரை நோய்க்கு வழி திறக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. இந்த இரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில் இருக்கின்றன.

இங்கே நாம் தவறவிடுவது நேரத்தை. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதியச் சொல்கிறார்கள்; நல்லதுதான். ஆனால் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் குழாய் கருத்தரித்த 28 நாளில் மூடிவிடும். பலருக்குக் கர்ப்பம் உறுதியாவதற்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது. கருவில் இருப்பது பெண் என்றால், அவளுடைய கருமுட்டைகளும் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகின்றன. அதாவது கர்ப்பிணியின் ஒரு தட்டுச் சோறு மூன்று தலைமுறையைத் தொடுகிறது.

பழியைப் பெண் தலையில் கட்டிவிட முடியாது. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். புகையும் உடற்பருமனும் அதன் குறிகளையும் மாற்றுகின்றன.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இக்குறிகள் பேரப்பிள்ளைகளையும் தாண்டிப் போகும் என்பது எலிகளில் பார்த்த அளவுக்கு மனிதரில் நிரூபணமாகவில்லை. அதைச் சொல்லி ‘மரபணு உணவு’ விற்க வருபவரிடம் ஏமாற வேண்டாம். குறிகளை எழுதி வைத்த விதியாகவும் நினைக்க வேண்டாம். தொடக்கத்துச் சாப்பாடு மாறினால் பலனும் மாறலாம்: பிரிட்டனில் 1953 வரை சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது. கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் அந்தக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதம் குறைந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

செய்ய வேண்டியவை சாதாரணமானவை. ஒரு வேளையாவது கம்பு அல்லது குதிரைவாலி. பி12-க்கு முட்டை, பால், கருவாடு. சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரம். அரசுப் பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் துப்பிவிடாமல் விழுங்குகிறார்களா என்ற விசாரிப்பு. குழந்தைக்குத் திட்டமிடும் கணவன், மனைவி இருவருக்கும் ரத்த அளவும் சர்க்கரையும் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குச் செலவு இல்லை. கர்ப்பம் உறுதியான பிறகு போனால் முதல் மாதத்தைத் திரும்பப் பெற வழியும் இல்லை.