தகரப்பட்டணத்தின் றகர்க் கழகம்

வேல்ஸ் நாட்டின் தென்மேற்குக் கரையிலே லனெத்லி என்னும் தொழில் நகரம் உளது. மெல்லிய இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயம் பூசித் தகரமாக்கும் ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு மலிந்திருந்தன. அதனால் அந்நகர் 'தகரப்பட்டணம்' என்னும் பொருள்படும் பெயராலும் வழங்கலாயிற்று. ஆலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்த அம்மக்கள் தமக்கென வளர்த்த நிலையமே லனெத்லி றகர்க் கழகம்.

றகர் என்பது பக்கத்துக்குப் பதினைவர் ஆடும் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஏந்தி வருபவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். உடல் வலிமையும் ஒருவரையொருவர் தாங்கும் பண்பும் இதற்கு இன்றியமையாதன. அபாயம் நிறைந்த வேலைகளிலே தோளோடு தோள் நின்று பழகிய தொழிலாளர் இவ்வாட்டத்தைத் தமதாக்கிக்கொண்டதில் வியப்பில்லை.

1870களில் தோன்றிய இக்கழகம் 1879 முதல் ஸ்ட்ராடி மைதானத்தில் ஆடி வந்தது. அங்கே கோற்கம்பங்களின் உச்சியிற் சிவப்புச் சட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். நகரத்து ஆலைகளிற் சமையற் சட்டிகளும் செய்யப்பட்டன. 'சின்னச் சட்டி' என்னும் பொருளுடைய வேல்ஸ் மொழிப் பாடலொன்றே கழகத்தாரின் பாடலுமாயிற்று. அடுக்களைப் பாண்டமே வெற்றிக் கொடியாக உயர்ந்தது எனலாம்.

1972 ஒக்டோபர் 31ஆம் நாள், உலகப் புகழ் வாய்ந்த நியூசிலாந்து அணியை இக்கழகம் எதிர்த்தது. 20,000க்கு மேற்பட்டோர் திரண்டிருந்தனர். எதிரணியினர் உதைத்த பந்தை ரோய் பேர்ஜியர்ஸ் இடைமறித்து வீழ்ந்து புள்ளி ஈட்டினார். முடிவில் லனெத்லி 9க்கு 3 என வென்றது. அணியைப் பயிற்றியவர் கார்வின் ஜேம்ஸ். சுரங்கத் தொழிலாளியின் மைந்தரான அவர் வேல்ஸ் மொழி கற்பித்த ஆசிரியருமாவார். ஆங்கிலத்தின் நெருக்குதலால் தாய்மொழி தேய்ந்துவந்த காலத்தில், அம்மொழி பெருமிதத்துடன் ஒலித்த இடங்களுள் அம்மைதானமும் ஒன்று.

அன்று ஆடியவர்களுள் ரே கிரவெல் என்பவர் பின்னர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தாய்மொழியிற் பேசி மக்கள் மனங்கவர்ந்தார். அவர் மறைந்ததும் ஒக்டோபர் 31ஆம் நாளிலேதான், ஆண்டு 2007. அவரது இறுதிச் சடங்கு ஸ்ட்ராடி மைதானத்திலேயே நிகழ, ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று விடையளித்தனர். வெற்றியைக் கொண்டாடிய புற்றரையே துயரத்தைப் பகிரும் முற்றமுமாயிற்று.

காலம் மாறாது நிற்பதில்லை. பழைய ஆலைகளுட் பல மூடப்பட்டன. 1995இல் றகர் ஊதியத்துக்கு ஆடும் ஆட்டமாயிற்று. 2003இல் வேல்ஸ் நாட்டின் உயர்மட்ட ஆட்டம் ஊர்க் கழகங்களிடமிருந்து பிராந்திய அணிகளிடம் சென்றது. 2008இல் ஸ்ட்ராடியில் இறுதி ஆட்டம் நடந்தது. பின்னர் அந்நிலத்தில் வீடுகள் எழுந்தன. நகரின் புறத்தே அமைந்த புதிய அரங்குக்குச் சிவப்புச் சட்டிகளும் உடன் சென்றன.

கழகமொன்றின் செல்வத்தை வென்ற கிண்ணங்களால் மட்டும் அளத்தல் போதாது. ஊராரின் உழைப்பும் மொழியும் இன்ப துன்பமும் அதனிடத்தே சேர்ந்திருக்கின்றனவா என்பதே முதன்மையான கேள்வி. அவை சேர்ந்திருக்குமாயின், மைதானம் கைமாறினும் உறவு அறுந்துபோவதில்லை.