இதயத்தில் 'கோழி இறக்கை' - உங்களுக்கு எந்த வடிவம்?

தேக்கா நிலையத்தில் கோழி இறக்கையும் காலிஃபிளவரும் கிடைக்கும். இதய மருத்துவர்களும் இந்தப் பெயர்களைப் பயன்படுத்துறாங்க, தெரியுமா?

இதயத்தின் இடது மேலறையை ஒட்டி, கட்டைவிரல் அளவில் ஒரு சிறிய பை உண்டு. அதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக 4 வகை: கோழி இறக்கை, கள்ளிச்செடி, காற்றுத்திசை காட்டும் துணிப்பை, காலிஃபிளவர். (பெயர் வைத்தவருக்கு அன்று நல்ல பசி போலும்!)

'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனும் சீரற்ற இதயத்துடிப்பு வந்தால்தான் சிக்கல். மேலறை சரியாகச் சுருங்காது. பைக்குள் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு நோய் இல்லாதவர்களிடம் மேலறையில் உருவாகும் கட்டிகளில் சுமார் 90 விழுக்காடு இந்தப் பையில்தான் உருவாகின்றன.

வழக்கமான சிகிச்சை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. ரத்தக்கசிவு அபாயத்தால் அதை நீண்டகாலம் சாப்பிட முடியாதவர்களுக்குப் பையின் வாயைச் சிறு கருவியால் அடைக்கலாம். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவார்கள். சிங்கப்பூர் தேசிய இதய நிலையத்தில் இந்தச் சிகிச்சை உண்டு.

இங்குதான் வடிவம் முக்கியம். வாய் பெரும்பாலும் முழு வட்டமாக இருக்காது. கருவியின் அளவு தவறினால் ஓரத்தில் ரத்தம் கசியலாம். கருவி நழுவவும் கூடும். அதனால்தான் முன்கூட்டியே சிடி ஸ்கேன் அல்லது உணவுக்குழாய் வழியான எக்கோ எடுக்கிறார்கள்.

ஒரு வேடிக்கை: கோழி இறக்கை வடிவத்தில் பக்கவாத அபாயம் குறைவு என 2012ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனால் வாய் அருகிலேயே மடங்கியிருந்தால் அடைப்பதற்குக் கடினமானதும் அதுதான்!

வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், "பை எந்த வடிவம்? கருவி பொருந்துமா?" என்று கேளுங்க. மாத்திரையை நீங்களாக நிறுத்திடாதீங்க. கருவி வைத்த பிறகும் கொஞ்ச காலம் மருந்து தொடரும்.