உங்களுக்குத் தெரியுமா? செல்போனில் வந்து காரில் ஏறிய கம்பெனி

மின்சாரக் கார் விற்பனையில் டெஸ்லாவையே முந்திய சீனாவின் பிஒய்டி, தமிழ்நாட்டுக்கு வந்தது கார் செய்ய அல்ல. 2007-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கடை விரித்தது செல்போன் உதிரிபாகங்களுக்காக!

• பிறந்தது 1995-இல், ஷென்ஜென் நகரில், பேட்டரி கம்பெனியாக. கார் தொழிலில் இறங்கியது 2003-இல்தான்.

• 2022-இல் அறிமுகமான 'ஆட்டோ 3' கார், பாதி பூட்டிய நிலையில் சீனாவிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் முழு வண்டியானது. முழுக் காராக இறக்கினால் வரி எகிறும். ஆப்பிரிக்கக் கொட்டையை வரவழைத்து உடைத்து விற்கும் பண்ருட்டி முந்திரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லியா தர வேண்டும்?

• 2024 ஜனவரியில் தன் பெயர் தாங்கிய கப்பலையே ஐரோப்பாவுக்கு அனுப்பியது. கொள்ளளவு 7,000 கார்கள்.

• எல்லாக் கதவும் திறக்கவில்லை. இந்தியாவில் 100 கோடி டாலரில் ஆலை அமைக்க அனுமதி கேட்டபோது, 2023-இல் மத்திய அரசு மறுத்துவிட்டது.