ஏஐஎஸ் பொதியின் நீளம்: மென்பொருள் வானொலியில் பிழை நீக்கல்

தானியங்கி அடையாள முறைமை (ஏஐஎஸ்) என்பது கப்பல்கள் தம் அடையாள எண், இருப்பிடம், வேகம், செல்திசை ஆகியவற்றை வானொலி அலைகள் மூலம் தாமாகவே அறிவிக்கும் ஏற்பாடு ஆகும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்குத் தெற்கே சென்னைத் துறைமுகமும், வடக்கே எண்ணூர் காமராசர் துறைமுகமும் உள்ளன. இங்கு வந்து செல்லும் கப்பல்களின் சைகைகளைக் கணினியுடன் இணைத்த மென்பொருள் வானொலியாலும் பெறலாம். அவ்வாறு பெறும்போது மாணவர்கள் இடறும் இடங்களுள் ஒன்று பொதியின் நீளம்.

பொதியின் அமைப்பு

ஏஐஎஸ் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்களில் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் இயங்குகிறது. ஒரு நிமிடம் 2250 காலத்துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு துண்டில் 256 பிட்டுகள் அடங்கும். அவற்றுள் இருப்பிடச் செய்திக்கு 168 பிட்டுகளும், பிழை சரிபார்ப்புக்கு 16 பிட்டுகளும் உரியவை.

நீளத்தைக் கூறும் புலம் எதுவும் பொதியில் இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் 01111110 என்ற கொடியே எல்லையைக் காட்டுகிறது. செய்தியின் நடுவில் இக்கொடி தற்செயலாக அமைந்துவிடாதபடி, தொடர்ந்து ஐந்து 1 வந்தால் அனுப்பும் கருவி ஒரு 0 சேர்க்கிறது. இது பிட் செருகல் எனப்படும். எனவே ஒரே வகைச் செய்தியும் வானில் வெவ்வேறு நீளத்தில் வரும்.

பொதுவான பிழைகளும் தீர்வும்

1. சில கப்பல்கள் மட்டுமே தெரிதல்: செருகிய 0 நீக்கப்படாமல் இருக்கலாம். செருகல் இல்லாத பொதிகள் மட்டும் சரிபார்ப்பில் தேறும். கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் செருகலை நீக்கிய பின்னரே நீளத்தை எண்ண வேண்டும். இருப்பிடச் செய்திக்கு 168+16=184 பிட் வரவேண்டும். எட்டால் வகுபடாத நீளம் வந்தால் அப்பொதியைத் தள்ளிவிடலாம்.

2. இருப்பிடம் தெரிந்து, பெயர் தெரியாமை: பெரிய கப்பலின் பெயர் 5ஆம் வகைச் செய்தியில் வருகிறது. அதன் நீளம் 424 பிட். இரண்டு காலத்துண்டுகளை எடுத்துக்கொள்ளும். நிரலில் உச்ச நீளம் 256 பிட் என்று வைத்திருந்தால் இது பாதியில் அறுபடும். ஐந்து துண்டுச் செய்திக்கு 1008 பிட் வரை தேவைப்படுவதால் இடத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும்.

3. நிரல் நின்றுபோதல் அல்லது பொதிகள் கலத்தல்: ஜிஎன்யு ரேடியோவில் பொதியின் நீளம் ஒரு குறியாகத் தரவோடு செல்கிறது. பிட்டுகளை பைட்டுகளாகக் கட்டிய பின் 168 என்ற குறி 21 ஆக மாற வேண்டும். மாறாவிட்டால் அடுத்த கட்டம் 168 பைட்டுக்காகக் காத்திருந்து, பின்வரும் பொதிகளையும் சேர்த்து விழுங்கும்.

முக்கியத்துவம்

2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகம் அருகே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து வடசென்னைக் கரையெங்கும் படிந்தது. மீனவர் தொழிலும் பாதிக்கப்பட்டது. நெரிசலான இக்கடலில் எந்தக் கப்பல் எங்கே உள்ளது என்பது உயிரோடும் பிழைப்போடும் தொடர்புடைய செய்தி. ஆயினும் ஏஐஎஸ் கருவி இல்லாத படகு திரையில் தோன்றாது. எனவே வெற்றுத் திரையை வெற்றுக் கடல் என்று கொள்ளக்கூடாது. கற்பதற்காக அமைத்த ஏற்பியைப் படகோட்ட நம்புவதும் தகாது.